இடது காலுக்குத் தனி அளவு

தினமும் காலை பத்து மணிக்கு ஒரு டாக்டர் என் இடது கை நடுவிரலைப் பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வலிக்கிறதா என்று கேட்கிறார். வலிக்கிறது என்கிறேன். எழுதிக்கொள்கிறார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கேட்கிறார். இன்னும் வலிக்கிறது என்கிறேன். அதையும் எழுதிக்கொள்கிறார். அரைமணி நேரம் இப்படிப் போகும். பிறகு விரலை வெளியே எடுத்துத் துண்டால் ஒற்றி, நன்றி சொல்லி, இருவருக்கும் காபி ஊற்றுவார். கடல் தாண்டிப் போனவர்கள் அங்கே அப்படி என்னதான் கிழிக்கிறார்கள் என்று ஊரில் பலருக்கும் ஓர் ஆவல் இருக்கும். இதைத்தான் கிழிக்கிறோம்.

உண்மையில் நான் விரலை நனைக்க வந்தவன் இல்லை. ரத்தம் எடுக்க வந்தவன். ஆனால் வடகோடியில் வாழ்கிறவர்களின் விரல் குளிரை எப்படித் தாங்குகிறது என்று நிரூபிக்க வேண்டுமானால், தாங்காத விரல் ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும். டாக்டர் சுற்றிலும் பார்த்தார். குழுவில் என்னைத் தவிர எல்லோரும் குளிரில் பிறந்தவர்கள். அன்றைக்கே என் பெயரில் ஒரு கோப்பு திறந்து, அட்டையின் மேல் "வெப்பமண்டல ஆண், ஆரோக்கியமானவர்" என்று தட்டச்சு செய்து ஒட்டிவிட்டார்கள். முதல் பாதியில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இரண்டாவது பாதியில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

நான் இருப்பது கனடாவின் வடகோடியில், கடல் ஓரத்தில், மரமே முளைக்காத ஒரு சிற்றூரில். நம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் எஸ்கிமோ என்று ஒரு படம் போட்டிருப்பார்களே, பனிக்கட்டி வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்பாரே, அவர்கள் ஊர்தான். அவர்கள் தங்களை இனுயிட் என்று சொல்லிக்கொள்கிறார்கள். பனிக்கட்டி வீடு வேட்டைக்குப் போகிற வழியில் தங்குவதற்கு மட்டும். மற்ற நேரத்தில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ப்ளைவுட் வீட்டில் எண்ணெய் அடுப்பு வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் சூரியன் சில வாரங்கள் வருவதே இல்லை. இதை அண்ணனுக்கு எழுதியபோது, அப்படியானால் சூரிய நமஸ்காரத்தை எந்தப் பக்கம் பார்த்துச் செய்வார்கள் என்று கேட்டு எழுதினார். அவர் தானும் செய்கிற ஆள் இல்லை. சும்மா கேட்டார்.

எங்கள் குழு லேசுப்பட்ட குழு இல்லை. நிலம், கடல், பனி, விலங்கு, சாப்பாடு, சொந்தபந்தம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் வடகோடி மனிதனின் உடல்நலம் புரியும் என்பது எங்கள் பேராசிரியரின் கொள்கை. அருமையான கொள்கை. ஆகவே பனியை ஆராய்கிறவர், கொசுவை ஆராய்கிறவர், பல் டாக்டர், இருதய டாக்டர், யார் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் உறவுமுறைக்காரர், என் விரலுக்குச் சொந்தக்காரரான குளிர் டாக்டர் என்று எல்லாத் துறையையும் ஒரே மரவீட்டில் அடைத்தார். முதல் வருஷம் முழுக்க இத்தனை துறைகளும் சேர்ந்து செய்த ஒரே காரியம், அடுப்புக்கு யார் எண்ணெய் ஊற்றுவது என்று சண்டை போட்டதுதான். ஒருவர் கேட்டதை இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது கௌரவக் குறைச்சல் என்பதால், எல்லோரும் போய் ஊர்க்காரர்களையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல அமர்த்தியிருந்த பானிக் என்ற பெண்மணியிடம், உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று ஆறு பேர் ஆறு நாளில் கேட்டார்கள். ஆறாவது ஆளிடம் அவர், "நேற்று வரைக்கும் நான்கு" என்றார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

பானிக்குக்கு என் வயதைவிடச் சில வயது அதிகம் இருக்கும். சிறுமியாக இருந்தபோது காசநோய் என்று சொல்லிக் கப்பலில் ஏற்றித் தெற்கே கொண்டுபோய், வருஷக்கணக்கில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்களாம். இங்கிலீஷ் அங்கே கற்றதுதான். கடல்நாய்த் தோலில் காலணி தைப்பதில் அந்தக் கரையிலேயே அவருக்கு மிஞ்சிய ஆளில்லை என்பது எங்களுக்குத் தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. தோலைப் பல்லால் மென்று மென்று பதப்படுத்தியதில் அவர் முன்பற்கள் தேய்ந்து பாதியாக இருந்தன. பல் டாக்டர் அந்தப் பற்களை நாலு கோணத்தில் படம் பிடித்தார். அந்தப் பல் என்ன வேலை செய்கிறது என்று அவர் கேட்கவில்லை. அது வேறு துறை.

இவ்வளவு பெரிய விஞ்ஞானத்துக்குக் காஞ்சிபுரத்துக்காரன் எதற்கு என்று கேட்பீர்கள். நம் ஊருக்குப் புகழ் பட்டும் கோபுரமும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. யானைக்கால். நான் அதற்கான தடுப்பு யூனிட்டில் ரத்தம் எடுக்கிற ஆளாக இருந்தேன். அந்தக் கிருமி பகலெல்லாம் பதுங்கி இருந்துவிட்டு இருட்டிய பிறகுதான் ரத்தத்தில் உலாவ வரும். அதனால் எங்கள் டியூட்டியும் இருட்டிய பிறகுதான். பெரிய காஞ்சிபுரத்தில் தெருத் தெருவாகப் போய், சாப்பிட்டுப் படுக்கப் போகிறவர்களை எழுப்பி விரலில் குத்துவோம். "இன்னாபா இது, போன மாசம்தானே குத்திக்கினு போனே, இன்னும் உன் தாகம் தீரலியா" என்பார்கள். ஆனாலும் விரலை நீட்டிவிடுவார்கள். காலை மட்டும் காட்டமாட்டார்கள். தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்திருக்கிற மனிதரின் கால் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பக்கத்துத் தறிக்காரருக்கும் தெரியாது. மறுநாள் நாங்கள் முடிவு சொல்லப் போகும்போது, வாசலில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, காதோடு காதாகச் சொல்லிவிட்டு மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு வருவோம். ஊரில் பாதிப் பேர் ரகசியம் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்த எங்கள் பேராசிரியர் ஒருநாள் என்னோடு ஒரு தெருவுக்கு வந்தார், எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமல் வாசலிலேயே நின்றார். வேண்டாவெறுப்பாக இருக்கிற ஒரு தெருவையே நான் திட்டு வாங்கிக்கொண்டு குத்தி முடித்த வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். விலாசம் வாங்கிக்கொண்டு போனார்.

இதற்கிடையில் ஒருநாள் இரவு, மிச்சமிருந்த கண்ணாடித் தகட்டில் என் ரத்தத்தையே ஒரு சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வேலை இல்லாதபோது செய்கிற வேலைதான். பார்த்தால், எத்தனையோ பேர் ரத்தத்தில் பார்த்துப் பழகிய அதே ஆசாமிகள் நெளிந்துகொண்டிருந்தார்கள். மாத்திரை சாப்பிட்டேன். கிருமி போய்விட்டது. ஆனால் அதற்குள் அது செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தது. வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை தொடையில் நெறி கட்டிக் காய்ச்சல் வரும். போகும்போது இடது பாதத்திலும் கணுக்காலிலும் கொஞ்சம் வீக்கத்தை வைத்துவிட்டுப் போகும். வேட்டியை இறக்கிக் கட்டினால் தெரியாது. அண்ணனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. யூனிட்டிலும் சொல்லவில்லை. ஊரார் காலையெல்லாம் கணக்கெடுத்த துறைக்குத் தன் ஆள் கால் தெரியாமலே போயிற்று.

பக்கத்து ஏனாத்தூரில் எனக்குப் பெண் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுப்படி ஏறினதும் முதலில் வருவது காபி இல்லை, சொம்பில் தண்ணீர். கால் கழுவிக்கொண்டு உள்ளே வர வேண்டும். மரியாதை என்று வெளியூர்க்காரன் நினைத்து நெகிழ்ந்துபோவான். பெண்ணின் தாய்மாமன் சொம்பைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு ஊற்றினார். "நல்லா கழுவிக்கோ தம்பி, அவசரம் ஒண்ணியும் இல்ல" என்றார். இடது காலுக்கு இரண்டு தடவை ஊற்றினார். உள்ளே காபி நன்றாக இருந்தது, பஜ்ஜி நன்றாக இருந்தது, பெண்ணும் நன்றாக இருந்தது. நாலாம் நாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் ஜாதகமே கொடுத்திருக்கவில்லை.

அன்றைக்கு அண்ணன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வேட்டிய எறக்கிக் கட்டிக்கினு எத்தினி நாளைக்குடா ஓட்டுவே? காலே வெளிய தெரியாத ஊரு எதுனா இருந்தா போய்ச் சேரு." கோபத்தில் சொல்லவில்லை, வருத்தத்தில் சொன்னார். அந்த மாதமே வேலைக்குக் கூப்பிட்டுப் பேராசிரியரின் கடிதம் வந்தது. சம்பளம் என்ன, சாப்பாடு என்ன என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அங்கே வருஷம் முழுக்க பூட்ஸ் போடுவார்களா என்று மட்டும் கேட்டு எழுதினேன். என் முன்னெச்சரிக்கையைப் பாராட்டிப் பதில் எழுதினார்.

மெட்ராஸில் மருத்துவப் பரிசோதனை நடந்தது. நெஞ்சைப் பார்த்தார்கள், நாக்கைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள். சாக்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. நாள்பட்ட நோய் எதுவும் இருப்பதாகப் பின்னால் தெரிந்தால் உடனே திருப்பி அனுப்பப்படுவீர்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டேன். ஆகவே கோப்பின் மேல் ஒட்டிய "ஆரோக்கியமானவர்" என்ற சொல்லில்தான் என் பிழைப்பு தொங்கிக்கொண்டிருந்தது. அது கிழிந்தால் அடுத்த விமானம்; அதற்கப்புறம் ஏனாத்தூரில் இன்னொரு சொம்பு.

பூட்ஸ் நாட்டுக்கு வந்தாயிற்று, மூன்று சாக்ஸுக்குள் காலைப் புதைத்தாயிற்று, இனி நிம்மதி என்று இருந்தேன். முதல் வீட்டுக்கு ரத்தம் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, இந்த ஊரில் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதல் வேலையாகக் காலணியைக் கழற்றுகிறார்கள். கழற்றியதை அந்த வீட்டுப் பெண் வாங்கிக் காய வைத்துக் கொடுப்பாள். எங்கேயிருந்து எங்கே வந்து மாட்டிக்கொண்டேன் பாருங்கள். எல்லோரும் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் ஒரு கரடி விட்டேன். எங்கள் நாட்டில் பிறர் வீட்டுக்குள் காலணியைக் கழற்றுவது பெரிய அவமரியாதை, எங்கள் மதம் அதை அனுமதிப்பதில்லை என்றேன். பானிக் அதை அப்படியே மொழிபெயர்த்தார். உறவுமுறைக்காரர் பரபரவென்று நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தென்னிந்தியர்கள் பிறர் வீட்டில் காலணி களைவதில்லை என்று எழுதி, அடியில் கோடும் போட்டார்.

இந்தப் பொய்யைச் சொன்ன வாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எனக்குச் சொந்த ஊர் காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கம், அதிலும் சேரி. என் அப்பா ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் ஆனவர். ஆனால் வாலிப வயதில் சில தெருக்களைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தவர். அதைத் தப்பென்று சொல்லக்கூட அவருக்கு வெகுகாலம் தோன்றவில்லை. நான் ரத்தம் எடுக்கப் போன வீடுகளிலும் ஒன்றிரண்டில், அங்கேயே நின்று எடுத்துக்கொள்ளப்பா என்று தெருவிலேயே விரலை நீட்டியிருக்கிறார்கள். காலணியைக் கழற்றுவதில் எங்கள் வீட்டுக்கு இருந்த அனுபவம் உறவுமுறைக்காரருக்கு மூன்று நோட்டுக்கு வரும். அவருக்குக் கிடைத்தது அந்த ஒரு வரி.

அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் செய்ததுதான் என்னைக் கூச வைத்தது. விருந்தாளி அவமானப்படக் கூடாது என்று, நான் உள்ளே நுழைந்ததும் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் காய வைத்த காலணியைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வார்கள். கைக்குழந்தைக்குக்கூட மாட்டிவிடுவார்கள். நான் ரத்தம் எடுத்துப் போகிறவரைக்கும் அடுப்பின் பக்கத்தில் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்பார்கள். நான் போனதும் கழற்றுவார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குளிர்காலம் வந்தது. குளிர் டாக்டருக்கு விரல் அலுத்துவிட்டது. இனி கால், இரண்டு பாதத்தையும் பனித்தண்ணீரில் வைக்க வேண்டும் என்றார். மறுபடி மதத்தை இழுத்தேன். மதம் என்றதும் பேராசிரியர் பயபக்தியோடு எழுந்து நின்றேவிட்டார். அவசரம் இல்லை, விஞ்ஞானத்துக்காக ஒரு விதிவிலக்கு கொடுக்க முடியுமா என்று உங்கள் ஊர்க் கோயிலுக்கு நானே கடிதம் எழுதுகிறேன் என்றார். காஞ்சிபுரத்தில் எந்தக் கோயிலுக்கு என்று அவர் கேட்டதில் எனக்கு முழி பிதுங்கிவிட்டது. பட்டியல் நீளம் என்று சொல்லி நாளைக் கடத்தினேன்.

அப்போதுதான் பனியை ஆராய்கிறவருக்கு, கடைப் பூட்ஸ் போட்டுக்கொண்டு பனியை ஆராய்ந்ததில், கால் விரல் இரண்டு கறுத்துப்போயிற்று. குழுவில் எல்லோருக்கும் உள்ளூர்க் காலணி தைத்துவிடுவது என்று பேராசிரியர் முடிவு செய்தார். பானிக்கிடம் சொன்னார். அளவெடுக்க டேப்பை நீட்டினார்கள். அவர் அதை வாங்கவில்லை. ஒவ்வொருவரையும் நிற்க வைத்து ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அதில் பரம சந்தோஷம்.

மூன்று வாரம் கழித்துப் பானிக் ஒரு மூட்டையோடு வந்தார். நாங்கள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் கொடுத்தார். போட்டுப் பார்த்தவர்கள் எழுந்து நடந்து பார்த்து, கையுறை மாதிரிக் கச்சிதமாக இருக்கிறது என்று வியந்தார்கள். கடைசி ஜோடி என்னுடையது. மேசைமேல் வைத்தார். வலது பூட்ஸ் எல்லோருடையதும் போல இருந்தது. இடது பூட்ஸ் அதைவிட நன்றாகவே அகலம். கணுக்காலில் கூடுதலாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருந்தது. பல் டாக்டர்தான் முதலில் சிரித்தார். குளிர் டாக்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாவம், கடைசி ஜோடியில் களைத்துவிட்டார் போலிருக்கிறது என்றார்.

"தப்பில்லை" என்றார் பானிக். "இது இவருடைய கால்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குளிர் டாக்டர், உங்கள் கால் அப்படியா இருக்கிறது என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார்.

"என் இரண்டு காலும் ஒரே அளவுதான்" என்றேன்.

சொல்லிவிட்டேன். பானிக் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்த ஜோடியை மட்டும் எடுத்துச் சுருட்டி, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பேராசிரியர் நியாயஸ்தர். நல்ல கைக்கும் தவறு வரும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். ஆனால் பாதுகாப்பு விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியாது. மற்ற ஜோடிகளையும் தையல் பிரித்துச் சோதித்துவிட்டு, அடுத்த குழுவுக்குத் தெற்கே இருந்து தொழிற்சாலை பூட்ஸே வரவழைத்துவிடலாம் என்றும் சொன்னார். ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்பதை நான் சொல்லியாக வேண்டும். தையலில் ஓர் ஓட்டை இருந்தால் வேட்டைக்குப் போன புருஷன் கால் விரல் இல்லாமல் வருவான், அல்லது வரவே மாட்டான். ஜோடி தப்பாகத் தைத்தவள் என்ற பெயர், நம் பக்கத்தில் சாப்பாட்டில் விஷம் வைத்தவள் என்ற பெயருக்குச் சமானம். அதை நான் என் வாயால், சோற்றில் கை வைத்துக்கொண்டே, அவருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. எத்தனையோ பேர் காலின் ரகசியத்தைக் கட்டிக் காத்தவன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. அன்றைக்கு அது நாற்றமடித்தது.

சாயங்காலம் பானிக் வீட்டுக்குப் போனேன். அவரும் கணவரும் பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் இருந்தார்கள். என் தலையைக் கண்டதும் வழக்கப்படி எல்லோரும் காலணியைத் தேடி எடுக்கக் கிளம்பினார்கள். வேண்டாம் என்றேன். வாசலிலேயே குந்தி, பூட்ஸைக் கழற்றினேன். மூன்று சாக்ஸையும் கழற்றினேன். எட்டு வருஷமாக நான் மறைத்து வந்த காலை எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் ஒரு குடும்பமே பார்த்தது. யாரும் திடுக்கிடவில்லை. மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுத் தேநீர் போடப் போனார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். பானிக் அதைக் கணவரிடம் சொன்னார். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, நிறுத்தி நிதானமாக ஏதோ சொன்னார். பானிக் மொழிபெயர்த்தார்.

"நீ பனியில் நடக்கிறாய். நீ வந்த மறுநாளே எல்லோருக்கும் தெரியும். கரடி நொண்டினால் தடத்தில் தெரிகிறது. நரி சினையாக இருந்தால் தெரிகிறது. நீ தெரியமாட்டாயா?"

இடது பூட்ஸுக்குள் நான் எதையோ ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கணவர் முதலில் நினைத்தாராம். பிறகு தடம் மாலையில் அகலமாகவும் காலையில் கொஞ்சம் குறுகலாகவும் இருப்பதைப் பார்த்து, அது கால்தான் என்று முடிவுக்கு வந்தாராம். யானைக்கால் வீக்கம் ஆரம்பத்தில் இரவு படுத்தெழுந்தால் வடியும் என்பது நான் படித்துத் தெரிந்துகொண்டது. அவர் அதை ஜன்னல் வழியாகத் தெரிந்துகொண்டிருக்கிறார். இதை ஏன் எங்கள் குழுவிடம் யாரும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர்கள் எல்லாம் கேட்டார்கள், இதைக் கேட்கவில்லையே என்றார் பானிக்.

மன்னிப்புக் கேட்டேன். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் கையில் இருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"உன்னை உன் வீட்டுக்குத்தானே அனுப்புவார்கள்" என்றார். "என்னை வீட்டிலிருந்து அனுப்பினார்கள். எங்கே என்று அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நீ இங்கே வந்து சொல்லி என்ன ஆகிறது? இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் தப்பாகத் தைத்தேன் என்று எங்கே சொன்னாயோ அங்கே போய்ச் சொல்."

சரி என்று தலையாட்டினேன். ஊசியை மறுபடி கையில் எடுத்தவர், உங்கள் ஊரில் நிஜமாகவே வீட்டுக்குள் கழற்றமாட்டீர்களா என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அதை அவர் மொழிபெயர்த்ததும் அந்த வீடு சிரித்த சிரிப்பில் மாமனாருக்கு இருமல் வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக வேர்த்திருக்கிறார்கள், சிரிக்க உரிமை உண்டு.

மறுநாள் காலை, பானிக் கொடுத்தனுப்பிய அந்தச் சமமில்லாத ஜோடியைப் போட்டுக்கொண்டு எங்கள் மரவீட்டுக்குள் நுழைந்தேன். அளவென்றால் அப்படி ஓர் அளவு. என் உடம்பில் அத்தனை வருஷத்தில் எந்தத் துணியும் தோலும் அப்படிப் பொருந்தியதில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே மேசை. இரண்டையும் கழற்றினேன், காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தேன். "பானிக் தப்பாகத் தைக்கவில்லை. நான் பொய் சொன்னேன். முதலில் யாராவது போய் அவரிடம் அதைச் சொல்லுங்கள், அப்புறம் என்னை அனுப்புங்கள்" என்றேன். பேராசிரியர் கோட்டை மாட்டிக்கொண்டு தானே போனார். அதை நான் மறக்கமாட்டேன். அடுத்த குழுவுக்கும் பானிக்கே தைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு திரும்பினார். பானிக் யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

இங்கே நடந்தது என்ன தெரியுமா? எங்கள் குழுவின் வரலாற்றில் முதல் தடவையாக எல்லாத் துறைகளும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தன. நிலமும் கடலும் பனியும் செய்ய முடியாததை என் இடது கால் செய்தது. இருதய டாக்டர் கணுக்காலை விரலால் அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்க்க, குளிர் டாக்டர் வெப்பமானியைக் கட்ட, பல் டாக்டர் தன் காமிராவை எடுத்து வந்தார். கொசுக்காரர், இந்த ஊர்க் கொசு இந்தக் கிருமியைச் சுமக்குமா என்று கவலையோடும் கொஞ்சம் நப்பாசையோடும் கேட்டார். கிருமி எப்போதோ போய்விட்டது, பயமில்லை என்றேன். முகம் வாடிவிட்டது. உறவுமுறைக்காரர் ஓரமாக வந்து, அப்படியானால் அந்தக் காலணி வழக்கம், என்று இழுத்தார். பொய் என்றேன். நோட்டைத் திறந்து, கோடு போட்ட வரியை அடிக்க மனம் வராமல், பக்கத்தில் "சிலர் மறுக்கிறார்கள்" என்று சேர்த்துக்கொண்டார்.

என்னைத் திருப்பி அனுப்பவில்லை. நோயாளி ஊழியரை அனுப்பத்தான் விதி இருக்கிறது. நோயாளி ஆய்வுப்பொருளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இல்லை. என் கோப்பில் "ஆரோக்கியமானவர்" என்பதை அடித்துவிட்டு "சிறப்பு நேர்வு" என்று ஒட்டியிருக்கிறார்கள். விரல் மட்டும் இன்னும் ஆரோக்கியமான விரல்தானாம், அது பாட்டுக்குப் பத்து மணிக்கு நனைகிறது.

நடந்ததையெல்லாம் அண்ணனுக்கு எழுதினேன். போன வாரம் நீலக் கடுதாசியில் பதில் வந்தது. "ஏனாத்தூருல இன்னொரு எடம் வந்துக்கினு இருக்குது. நீ பத்திரிகைக்கு எதுனா எழுதறதா இருந்தா காலப் பத்தி எழுதாதப்பா. ஒனக்கு மட்டும் இல்ல, நம்ம வூட்டுப் பொண்ணுங்களுக்கும் நாளைக்கு நல்லது கெட்டது இருக்குது" என்று எழுதியிருந்தார். அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர் பயம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அதே பயம்தான். இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. ஆனால் இதை வாசிக்கிற பெரிய காஞ்சிபுரத்துக்காரர்களில் எத்தனை பேர் காதில் நான் ரகசியமாய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பெயர் என் வாயிலிருந்து ஒருநாளும் வராது. என்னுடையதை மட்டும் சொல்கிறேன். எனக்கு யானைக்கால், இடது பக்கம். அண்ணன் மன்னிக்க வேண்டும்.

இதை எழுதி முடித்துத் தபாலில் சேர்க்கப் போனபோது இரவு விழுந்த புதுப்பனியில் வேறு யாரும் நடந்திருக்கவில்லை. திரும்பி வரும்போது பானிக்கின் கணவர் வழியில் நின்று, நான் போன தடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை தெரியும், எனக்கு அவர் மொழி பத்து வார்த்தை. இடது தடத்தைக் கைத்தடியால் தொட்டு, "இது நீ" என்றார். பானிக்கின் தையல் அப்படியே பதிந்திருந்த வலது தடத்தைத் தொட்டு, "இது எங்கள் ஊர் ஆள்" என்றார். இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் தூக்கி வைக்க முடியாது என்பதால், ஒருவர் மாற்றி ஒருவராக வைத்து, வீடு போய்ச் சேர்ந்தேன்.